கரடியைப் பிடித்து முதுமலையில் விடச் சொல்லி மனு எழுதுவதற்கு முன்

கோத்தகிரியிலோ குன்னூரிலோ மஞ்சூரிலோ தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் ஒரு லயன் வீட்டுச் சமையலறைக் கதவைக் கரடி இரவில் பெயர்த்துவிட்டால், விடிந்ததும் ஊர் கூடி வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டு செல்லும் மனுவில் மூன்று வரிகள்தாம் இருக்கும்: கூண்டு வையுங்கள், பிடியுங்கள், முதுமலையில் கொண்டுபோய் விடுங்கள். அந்த வீட்டில் குழந்தைகளோடு படுத்திருந்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மூன்றாவது வரி நிறைவேறும்போது ஊருக்கும், கரடிக்கும், கரடி போய் இறங்கும் இடத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கும் என்ன நேர்கிறது என்பதை மனுவில் கையெழுத்திடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். கரடியை அப்புறப்படுத்தாமலேயே ஊர் தன்னைக் காத்துக்கொள்வது எப்படி, வேறு வழியே இல்லையென்றால் எந்த நிபந்தனைகளோடு அதை அனுப்பச் சொல்வது என்பவற்றை இந்த வழிகாட்டி சொல்கிறது. நீலகிரியை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது. கரடி ஊருக்குள் இறங்கும் பிற மலைப்பகுதியினர் தங்கள் ஊருக்கு ஏற்பச் சிறிது மாற்றிக்கொண்டால் போதும்.

வந்தது எந்தக் கரடி?

நம் மலைகளில் இருப்பது தேன்கரடி ஒன்றுதான். வளர்ந்த ஆண் 80 முதல் 145 கிலோ வரையும், பெண் 55 முதல் 105 கிலோ வரையும் எடை இருக்கும். மேல்தாடையின் முன்பற்களில் நடு இரண்டும் இதற்கு முளைப்பதில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி இழுக்கிறது. கறையான், எறும்பு, தேன், அத்தி, நாவல், இலந்தை, கொன்றைக் காய் ஆகியவை இதன் இயல்பான உணவு. குளிர்நாட்டுக் கரடிகளைப் போல மாதக் கணக்கில் உறங்கிக் கிடக்கும் வழக்கம் இதற்கு இல்லாததால், ஊருக்குள் வரப் பழகிய கரடிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். முதுகிலிருந்து இறங்கிய பிறகும் குட்டிகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனோடுதான் திரியும்.

கரடி மனிதரைத் தின்பதற்காகத் தாக்குவதில்லை. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த இவ்விலங்கு, திடீரென்று எதிர்ப்படுவதைக் கண்டு ஓடுவதற்குப் பதிலாக எதிர்த்துப் பாய்ந்து பிழைக்கக் கற்றிருக்கிறது. கண்பார்வை மட்டு, மூக்கு மிகக் கூர்மை என்பதால், காற்று எதிர்த்திசையில் வீசும்போது நாம் மிக அருகில் வரும் வரை அதற்குத் தெரியாமலே போகலாம். அந்த நொடியில் தலையையும் முகத்தையும் நோக்கி வரும் நகங்கள் மிகக் கொடுமையான காயத்தை உண்டாக்குகின்றன. ஆகவே செய்தித்தாள்கள் எளிதாக எழுதிவிடும் ‘ஆட்கொல்லிக் கரடி’ என்ற சொல்லை மனுவில் எழுதாதீர்கள். அச்சொல் உண்மையாகாது என்பது ஒருபுறமிருக்க, எந்தக் கரடியைக் கண்டாலும் பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியை அது அலுவலர்களுக்கு உண்டாக்கிவிடுகிறது.

அங்கேதான் முதல் ஆபத்து தொடங்குகிறது. ஊரார் ‘அந்தக் கரடி’ என்று ஒருமையில் பேசுவார்கள். வந்து போவதோ இரண்டோ மூன்றோ ஆக இருக்கலாம். கூண்டுக்குள் வைக்கும் வாழைப்பழமும் பலாவும் தேனும் கதவை உடைத்த கரடியை மட்டும் அழைப்பதில்லை. முதலில் மணம் பிடித்த கரடி எதுவோ அதுவே அகப்படும். அது தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தொல்லை தராமல் போய்வந்த கரடியாகவும் இருக்கக்கூடும். அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஊர் நிம்மதியாக உறங்கும். நாலாம் நாள் அடுத்த கதவு உடையும். கூண்டைக் குடியிருப்புக்கு நடுவே வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதுவரை வீடுகளை நெருங்காதிருந்த கரடிகளுக்கும் நாமே விருந்து வைத்து வழி காட்டியவர்களாவோம்.

எனவே மனுவுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நாள், நேரம், இடம், வந்தவை எத்தனை, குட்டி இருந்ததா, எதைத் தின்றது, எந்தத் திசையில் போனது என்பதைப் பார்த்தவர் வாயால் கேட்டு அன்றே எழுதுங்கள். மனிதப் பாதத்தை ஒத்த தடம், அதன் முன்னே தள்ளிப் பதிந்த நக நுனிகள், பழ விதையும் கறையான் ஓடும் நிறைந்த எச்சம், குடைந்த புற்று, மரப்பட்டையில் நகக்கீறல் இவையெல்லாம் கரடிக்கு அடையாளம். காட்டுப்பன்றி கிளறிய மண்ணைக் கரடியின் வேலை என்று எழுதிவிட வேண்டாம். கதவில் ஏற்பட்ட சேதத்தை அளவு தெரியும்படி ஒரு தீப்பெட்டியை அருகே வைத்துப் படம் எடுங்கள். மூன்று வாரக் குறிப்பு கையில் இருந்தால், வனத்துறை தானியங்கிக் கேமராவை எங்கே கட்ட வேண்டும் என்பதை ஊரே சொல்லிவிடலாம். மார்பிலுள்ள வெள்ளைக் குறியின் வடிவத்தைக் கொண்டு கரடிகளைப் பிரித்தறிய அந்தப் படங்கள் உதவும்.

திரும்பி வருதல்

கோத்தகிரியிலிருந்து முதுமலையின் தெப்பக்காட்டுக்குச் சாலை வழியாகப் போகிறவருக்கு அது நெடுந்தொலைவு. கொண்டை ஊசி வளைவுகளைக் கழித்துவிட்டு நேர்க்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். முக்குருத்தி தேசியப் பூங்காவும் ஏறத்தாழ அதே தொலைவில்தான் இருக்கிறது. கரடி சாலை வழியாகத் திரும்புவதில்லை.

கரடிகளின் திரும்பும் திறனை அமெரிக்காவில் நன்றாகவே அளந்திருக்கிறார்கள். 1979-இல் அலாஸ்காவில் 47 பழுப்புக் கரடிகளைப் பிடித்து வேறிடங்களில் விட்டார்கள். அவற்றுள் தொடர்ந்து கண்காணிக்க முடிந்த 20 வளர்ந்த கரடிகளில் 12 தம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. அவை கொண்டுபோகப்பட்ட சராசரித் தொலைவு 198 கிலோமீட்டர். தேன்கரடி வேறு இனம் என்பது உண்மைதான், அதன் நடமாட்ட எல்லையும் சிறியது. ஆனாலும் நீலகிரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்துக்குள் எங்கே கொண்டுபோய் விட்டாலும் கரடிக்கு அது பக்கத்து ஊர்தான். மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விடலாமே என்றால், அங்கேயும் ஓர் ஊர் இருக்கிறது. அவர்களும் மனு எழுதுவார்கள்.

நம் கண்முன் நடந்தவற்றையே பார்ப்போம். பந்தலூர் வட்டாரத்தில் அரிசிக்காக வீடுகளை இடித்து வந்த பி.எம். 2 என்ற மக்னா யானையை (தந்தமில்லா ஆண் யானை) 2022 டிசம்பரில் பிடித்து, இருப்பிடம் காட்டும் ரேடியோ காலர் என்ற கழுத்துப்பட்டியை மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். மறுமாதமே அது வயநாட்டின் சுல்தான் பத்தேரி நகருக்குள் நடந்துகொண்டிருந்தது. கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து 2023 ஏப்ரல் இறுதியில் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடிய காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. இரண்டுமே யானைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊர் உணவின் சுவை அறிந்த விலங்கு இடம் மாறினாலும் அந்தச் சுவையைத் தேடுவதை விடுவதில்லை. பழைய ஊருக்குத் திரும்ப முடியாவிட்டால் புதிய ஊரைக் கண்டுபிடிக்கிறது.

சிறுத்தை விஷயத்தில் இதற்கு விலை கொடுத்தவர்கள் மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் வட்டார மக்கள். கரும்புத் தோட்டங்களுக்குள் வாழ்ந்த சிறுத்தைகளை 2001 முதல் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டபோது, அதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது. பிடிபட்டதில் அடைந்த மிரட்சியும், விடப்பட்ட இடத்தில் வழி தெரியாத தவிப்பும் விலங்கின் நடத்தையை மாற்றிவிடுகின்றன. 2011-இல் மத்திய அமைச்சகம் வெளியிட்ட சிறுத்தை மோதல் வழிகாட்டு நெறிகள், கண்டபடி பிடித்து இடம் மாற்றுவதை விட்டுவிடும்படி அறிவுறுத்தியதற்கு இத்தகைய அனுபவமே காரணம்.

இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள்?

முதுமலை என்றதும் ஆளில்லாக் காடு என்று நினைத்துக்கொள்கிறோம். 321 சதுர கிலோமீட்டர் உள்வட்டத்தைக் கொண்ட அந்தப் புலிகள் காப்பகத்தின் விளிம்பில் மசினகுடி இருக்கிறது, மாயாறு இருக்கிறது, இருளரும் குறும்பரும் வாழும் சிற்றூர்கள் இருக்கின்றன. தேனெடுக்கவும் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் அவர்கள் காட்டுக்குள் நடக்கிறார்கள். தங்கள் காட்டுக் கரடி எந்தப் பாறையிடுக்கில் படுக்கும், எந்த நேரத்தில் எந்த ஓடையில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இரவோடு இரவாகக் கொண்டுவந்து விடப்பட்ட கரடியைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. அக்கரடிக்கும் அவர்கள் வழி தெரியாது. குன்னூர்க்காரரின் அச்சத்தை மசினகுடிக்காரரின் தலையில் இறக்கிவைப்பதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்ற கேள்வியை நம் மனுக்களில் நான் இதுவரை கண்டதில்லை.

கரடியின் நிலையும் நல்லதாக இருப்பதில்லை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தின் குளிரிலும் தேயிலையிலும் சோலையிலும் வாழ்ந்ததை, அதில் பாதி உயரமே உள்ள வறண்ட இலையுதிர்க் காட்டில் இறக்குகிறோம். எந்த மரம் எப்போது பழுக்கும், கோடையில் எங்கே நீர் கிடைக்கும் என்பவற்றை அது புதிதாகக் கற்க வேண்டும். கற்றுக்கொள்ளும் வரை அங்கே ஏற்கெனவே இருக்கும் கரடிகளோடு மோத வேண்டும். புலிக்கும் தப்ப வேண்டும். வழி தேடி அலையும்போது நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். கண்காணிப்பு இல்லாமல் விடப்பட்ட கரடி மீண்டும் ஊருக்கு வராவிட்டால் இடமாற்றம் வெற்றி பெற்றது என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். அது செத்துப்போயிருந்தாலும் கோப்பில் அதே வரிதான் இருக்கும்.

பிடிக்கும்போது நேர்பவை

மயக்க ஊசி என்பது திரைப்படத்தில் வருவது போல உடனே வேலை செய்வதில்லை. ஊசி பட்ட கரடி மயங்கி விழச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் அது புதருக்குள்ளோ கூட்டத்துக்குள்ளோ பாயலாம். எடையைத் தவறாகக் கணித்தால் மருந்து குறைந்து பாதியில் விழித்துக்கொள்ளும். கூடினால் மூச்சு அடங்கும். நம் நாட்டில் கால்நடை மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கீட்டமின், சைலசின் கலவையில் கண்கள் மூடாமலே இருப்பதால், களிம்பு தடவித் துணி கட்டாவிட்டால் கண் உலர்ந்து புண்ணாகும். அடர்ந்த கறுப்பு முடியுள்ள விலங்கு வெயிலில் மயங்கிக் கிடந்தால் உடல் வெப்பம் விரைந்து ஏறும். துரத்தலாலும் மிரட்சியாலும் தசைகள் சிதைந்து, பார்வைக்கு நன்றாக இருந்த விலங்கு சில நாள் கழித்துச் சாவதும் உண்டு. இரும்புக் கம்பிக் கூண்டைக் கடித்துக் கோரைப்பல் உடைந்தாலோ, பிறாண்டி நகம் பிய்ந்தாலோ, புற்றை உடைத்து உண்ணும் அதன் பிழைப்பே கெட்டுவிடும். அதன் பிறகு அது சமையலறைகளை மட்டுமே நம்பி வாழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை தாயைப் பிடித்துக் குட்டியை விட்டுவிடுவது. தனியே பிடிபட்டது பெண் என்றால், பால் சுரக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை வண்டி நகரக்கூடாது என்று ஊரார் வலியுறுத்த வேண்டும். அம்மையைத் தேடி அலையும் குட்டி தேயிலைச் செடிகளுக்கிடையே பட்டினி கிடந்து சாகும். அல்லது நாய்களிடம் மாட்டும்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தேன்கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. அச்சட்டத்தின்படி பொறி வைப்பதும் பிடிப்பதும்கூட வேட்டைதான். மனித உயிருக்கு ஆபத்து என்று கருதினால், 11-ஆம் பிரிவின் கீழ்த் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணங்களை எழுத்தில் பதிந்து ஆணையிட வேண்டும். உள்ளூர் அலுவலர் தம் விருப்பப்படி செய்துவிட முடியாது. பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்று உறுதியானாலன்றிக் கொல்ல ஆணையிடக்கூடாது என்றும், காட்டில் மீண்டும் வாழ முடியாது என்று உறுதியானாலன்றிப் பிடித்ததை அடைத்து வைக்கக்கூடாது என்றும் அப்பிரிவே சொல்கிறது. ‘வண்டலூருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்ற யோசனை எளிதில் நடக்காததற்குக் காரணம் இதுதான். தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு திருப்பித் தாக்கியதால் விலங்குக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் அது குற்றமாகாது. ஆனால் காட்டுப்பன்றிக்கு என்று சொல்லிச் சுருக்குக் கம்பி வைத்து அதில் கரடி மாட்டினால், 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. சுருக்கில் ஒரு கால் மாட்டிய கரடியை விட ஆபத்தானது இந்த மலையில் வேறொன்றும் இல்லை. அதை அவிழ்க்க நெருங்காதீர்கள்.

கரடி எதற்காக வருகிறதோ அதை எடுத்துவிடுங்கள்

இடமாற்றத்தின் ஆபத்துகளைப் படித்துவிட்டு ‘அப்படியானால் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா’ என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியைத்தான் படிக்க வேண்டும். கரடி ஊருக்குள் வருவது உணவுக்காக; அதுவும் குறைந்த உழைப்பில் கிடைக்கும் நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த உணவுக்காக. அந்த உணவு அப்படியே இருக்கக் கரடியை மட்டும் அகற்றினால், காலியான இடத்துக்கு அடுத்த கரடி வரும்.

கோயிலில் தொடங்குங்கள். நீலகிரியின் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் கரடி புகுந்து விளக்குக்கு ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. இரவு நடை சாத்தும்போது அகலிலும் தூண்டாமணியிலும் மிச்சமிருக்கும் எண்ணெயை வடித்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் டின், நெய், வெல்லம், தேங்காய் மூடி ஆகியவற்றைக் கருவறையிலோ மடப்பள்ளியிலோ வைக்காமல் பூசாரி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அல்லது தடித்த இரும்பு அலமாரியில் பூட்டலாம். சிந்திய எண்ணெயைச் சுடுநீர் ஊற்றிச் சோப்பால் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் மணம் போகாது. அணையா விளக்கு எரிய வேண்டிய கோயிலில் இரவுக்கு மட்டும் மின்விளக்கு வைத்துக்கொள்ள ஊர்ப் பெரியவர்கள் ஒப்பினால் நல்லது. இதைப் பேசிச் சம்மதிக்க வைப்பது கூண்டு கேட்பதை விடக் கடினமான வேலை என்பதை மறுக்கவில்லை.

அடுத்தவை பேக்கரியும் நியாய விலைக் கடையும் பள்ளியின் சத்துணவுக் கூடமும். இம்மூன்றிலும் மரக்கதவும் தகரக் கூரையும் இருந்தால் கரடிக்கு அது கதவே அன்று. சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தகடு அடிப்பதும், சன்னலுக்குக் கம்பி போடுவதும், எண்ணெய் பருப்பு இருப்பைக் குறைத்து வாராவாரம் வாங்குவதும் ஊராட்சி நினைத்தால் ஒரு மாதத்துக்குள் முடிகிற வேலைகள். பேக்கரி அடுப்பறையின் கழிவு மாவையும் கெட்டுப்போன கேக்கையும் கடைக்குப் பின்னால் சரிவில் கொட்டும் வழக்கம்தான் பல ஊர்களில் கரடிக்கு முதல் அழைப்பிதழாக இருந்திருக்கிறது. நகராட்சித் தொட்டியில் மாலைக்குப் பிறகு குப்பை போடக்கூடாது. இரவில் தொட்டி காலியாக இருக்கும்படி மாலையில் வண்டி வர வேண்டும். கோழி, இறைச்சிக் கடைக் கழிவுக்கும் இதே விதி.

வீட்டைச் சுற்றிப் பேரியும் கொய்யாவும் பழுக்கும் மாதங்களில், தாழ்ந்த சரிவுகளானால் பலாவும் சேர்த்து, பழத்தை மரத்திலேயே கனிய விடாமல் சற்று முன்னதாகப் பறித்துவிடுங்கள். விழுந்ததை அன்றாடம் பொறுக்குங்கள். குடியிருப்பின் அருகிலும் பள்ளிக்குப் போகும் பாதையின் இருபுறத்திலும் கவனிப்பாரற்று மரமாக வளர்ந்துவிட்ட தேயிலையையும் உண்ணிச்செடியையும் வெட்டித் திறந்துவிட வேண்டும். பகலில் கரடி படுத்திருப்பது அங்கேதான். விற்றுப்போகாமல் கைவிடப்பட்ட தோட்டம் என்றால் உரிமையாளரைத் தேடுவதே பெரும்பாடு. ஊராட்சி வழியாக அறிவிப்பு அனுப்பச் சொல்லுங்கள். தெருவிளக்கு எரியாத இடங்களின் பட்டியலையும் அதே கடிதத்தில் சேர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே தேவை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பல்லாண்டுகளாகக் குப்பைமேட்டை நம்பி வாழ்ந்த பழுப்புக் கரடிகளுக்கு 1970-ஐ ஒட்டி அந்த மேடுகளைச் சட்டென்று மூடினார்கள். படிப்படியாக மூடுங்கள் என்று அங்கே ஆய்வு செய்துவந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள் வாதிட்டும் பயன் இல்லை. உணவு அற்றுப்போன கரடிகள் கூடாரங்களுக்கும் ஊர்களுக்கும் சென்று நிறைய எண்ணிக்கையில் கொல்லப்பட்டன. 1975-இல் அவற்றை அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. குப்பையை மூடியது சரியான செயலே. ஆனால் மூடிய பின் வரும் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. ஆகவே எண்ணெயும் குப்பையும் கிடைக்காமல் போன முதல் மாதத்தில் கரடி முன்னை விட மும்முரமாகக் கதவைத் தட்டக்கூடும் என்பதை ஊராரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் இரவு ரோந்து தேவைப்படும். ‘எல்லாம் செய்தும் பயனில்லை’ என்று யாரேனும் பழையபடி சரிவில் குப்பை கொட்டத் தொடங்குவதும் அப்போதுதான்.

எதிர்ப்பட்டால்

அதிகாலையிலும் அந்தி மயங்கிய பின்னும் தனியே நடக்காதீர்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பாத்திக்குள் இறங்குமுன் மேஸ்திரி தகரத்தைத் தட்டி ஓசை எழுப்பிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே வேலை செய்வது நல்லது. தொலைவில் கரடியைக் கண்டால் ஓடாமல், அதன் மீது கண் வைத்தபடி பின்வாங்குங்கள். ஓட்டத்தில் நாம் அதை வெல்ல முடியாது. மரமேறித் தப்பலாம் என்பதும் வீண், அது தேனுக்காக மரமேறிப் பழகிய விலங்கு. குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போய்விடாதீர்கள். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரையோடு அழுத்திக்கொள்ளுங்கள். காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, இரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்தி, அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடிக்கும் டெட்டனஸுக்கும் உரிய ஊசிகளைக் கேட்டுப் போடச் செய்யுங்கள். இரத்தம் பீறிட்டால் கழுவலுக்காக நிற்காமல் நேரே மருத்துவமனைக்குப் போகவும்.

பகலில் ஊருக்குள் கரடி மாட்டிக்கொண்டால் பட்டாசும் கூச்சலும் வேண்டாம். அது வெளியேற ஒரு பக்கத்தை ஆளே இல்லாமல் விட்டுவிட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டு, சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கரடித் தாக்குதல்களில் பல, கைப்பேசியை உயர்த்திப் பிடித்த கூட்டம் நாற்புறமும் வளைத்துக்கொண்ட பிறகு நிகழ்ந்தவை.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால்

மேலே சொன்னவற்றைச் செய்து முடித்த பிறகும், கேமராப் படங்களால் அடையாளம் தெரிந்த ஒரே கரடி, ஆள் இருக்கும் வீட்டுக்குள் மீண்டும் மீண்டும் புகுகிறது என்றால் அதைப் பிடிக்கக் கேட்பது நியாயமே. தோட்டக் கிணற்றில் விழுந்து வெளியே வர முடியாமல் தவிக்கும் கரடியை எடுப்பது வேறு. அதை அங்கேயே பக்கத்துக் காட்டில் விட்டுவிட வேண்டும், தொலைவுக்குக் கொண்டுபோகக்கூடாது.

அப்போது மனுவை இவ்வாறு எழுதுங்கள். பிடிக்க வேண்டிய கரடியின் படத்தையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தின் நகலையும் இணையுங்கள். கூண்டைக் குடியிருப்புக்கு நடுவே வைக்காமல் அது வரும் தடத்தில் காட்டோரமாக வைக்கவும், உள்சுவர் பலகையால் மூடிய கூண்டாக இருக்கவும், இரவு முழுதும் ஆள் பார்வையில் இருக்கவும் கேளுங்கள். வேறு கரடி அகப்பட்டால் அங்கேயே விட்டுவிட ஊர் சம்மதிக்கிறது என்ற ஒரு வரியை எழுத மறவாதீர்கள். அலுவலர்கள் பயப்படுவது பெரும்பாலும் ஊரின் கோபத்துக்குத்தான். கால்நடை மருத்துவர் உடனிருக்க வேண்டும், வெயில் ஏறுமுன் வண்டி கிளம்ப வேண்டும், கூண்டைத் துணியால் மூடிக் கூட்டத்தை விலக்க வேண்டும். பல், நகம், எடை, நோய் அறிகுறி, பால் மடி ஆகியவற்றைப் பார்த்துப் பதிந்து, மைக்ரோசிப் செலுத்தி, இயன்றால் ரேடியோ காலர் மாட்டி விட வேண்டும். விடும் இடத்தை அங்குள்ள சரகரும் ஊர்களும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எந்த நாள், எந்த ஓடைப்பக்கம் என்பதை அங்கே தண்டோரா போட்டோ, வாட்ஸ்அப் குழுவிலோ சொல்லிவிட வேண்டும். கழுத்துப்பட்டியின் சமிக்ஞையைக் குறைந்தது ஓராண்டு யார் கவனிப்பார்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்கு விடை இல்லையென்றால் கூண்டு வைக்கும் நாளைத் தள்ளிப் போடச் சொல்வதே சரி.

மூன்று மாதம் கழித்து உங்கள் தெருவில் மறுபடியும் ஒரு கரடி தென்பட்டால், உடனே அடுத்த கூண்டுக்கு எழுதாதீர்கள். சிப்பைப் படிக்கும் கருவியோ கேமராப் படமோ அது பழைய கரடியா புதியதா என்று சொல்லும் வரை பொறுத்து, அதற்குள் கோயிலுக்கும் பேக்கரிக்குப் பின்புறச் சரிவுக்கும் ஒரு முறை நடந்துபோய் எண்ணெயும் குப்பையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து, அதையும் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.